கொட்டாத உப்பு

வலி தோள்பட்டையில் ஆரம்பித்து, முழங்கையில் கொஞ்சம் இளைப்பாறி, மணிக்கட்டில் வந்து குடியேறிவிட்டது. மூட்டை தூக்கிய வலி என்றால் சொல்லிக்கொள்ளலாம், கௌரவமாவது உண்டு. இது உப்பு பாட்டில் தட்டிய வலி. மேசைக்கு ஒன்றாக நாற்பத்தெட்டு பாட்டில். ஒவ்வொன்றையும் கவிழ்த்து, உள்ளங்கையால் அடியில் ஓங்கி ஓங்கித் தட்டி, உள்ளே கல்லாகிக் கிடக்கும் உப்பை உடைத்துவிட்டுத்தான் மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் மேசையில் வைக்க வேண்டும். இதற்கென்று யாரும் மருத்துவ விடுப்பு கொடுக்க மாட்டார்கள்.

அவளுக்குப் பெயர் என்று ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. ஆலையில் யாரும் அதைக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் மேசையக்கா. மேசை துடைப்பது, தண்ணீர்க் குவளை வைப்பது, உப்பு நிரப்புவது மூன்றும் அவள் வேலை. பதினோரு வருஷமாக அந்த கேன்டீனில் அவள் துடைக்காத மேசையில் எவனும் சாப்பிட்டதில்லை.

அது இரும்பு வார்க்கும் ஆலை. உலைப் பக்கம் வேலை செய்கிறவர்கள் சாப்பிட வரும்போது சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருக்கும். வேர்வை காய்ந்த உப்பு. உடம்பை விட்டுப் போனது அத்தனையும் சாப்பாட்டில் திரும்ப வந்தாக வேண்டும் அவர்களுக்கு. ருசிக்காக உப்பு கேட்கிற கூட்டம் இல்லை அது. உப்பு குறைந்தால் சாயங்காலத்துக்குள் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். ஆகவே, மழை பிடித்து மூன்று வாரமாக பாட்டில் உப்பு கொட்டாமல் சண்டித்தனம் செய்ததும் கேன்டீனே கொதித்துப்போயிருந்தது.

"மேசையக்கா, இது உப்பா, சிலை செய்றதுக்கு வச்சிருக்கிற கல்லா?"

"நக்கிட்டு வச்சிரு. அடுத்தவனுக்கும் வேணும்."

"நக்கினா நாக்கு ஒட்டிக்குது அக்கா. எங்க வீட்டுக்காரிக்கு நிம்மதியாப் போயிரும்."

இப்படிச் சிரித்துக்கொண்டு போனது ஒரு திங்கட்கிழமை ரத்தத்தில் போய் நின்றது. உலைக்காரன் ஒருவன், ஆள் தாட்டியானவன், பொறுமை கொஞ்சமும் கிடையாது, பாட்டிலை மேசை விளிம்பில் ஓர் இடி இடித்தான். உப்பு உடையவில்லை, பாட்டில் உடைந்தது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கிழித்துவிட்டது. நாலு தையல். பக்கத்து மூன்று தட்டுகளில் கண்ணாடித் தூள் விழுந்து சாப்பாடு குப்பைக்குப் போனது.

அரை மணி நேரத்தில் கேன்டீன் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். குரல் உயர்த்தாத மனுஷர். அதனாலேயே அவர் கூப்பிட்டால் எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

"பொட்டலத்துல அடைச்ச உப்பு வருது. ஆளுக்கு ஒரு சின்னக் காகிதப் பொட்டலம், கிழிச்சுப் போட்டுக்க வேண்டியது. மேலே கேக்கிறாங்க, அதையே வாங்கிரலாமேன்னு."

"வாங்கிக்கங்க சார்."

"பொட்டலம் வந்தா பாட்டில் வேண்டாம். தண்ணிக்கும் குழாய் வச்சுத் தர்றோம்னு சொல்றாங்க. அப்புறம் மேசை துடைக்க மட்டும் தனியா ஒரு ஆள் எதுக்குன்னு..." அவர் மீதியை ஜன்னல் பக்கம் பார்த்துச் சொல்லாமல் விட்டார்.

அவளுக்குப் புரிந்தது. வெளியூரில் விடுதியில் தங்கி நர்ஸ் படிப்பு படிக்கும் மகள் முதலில் நினைவுக்கு வந்தாள். இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது அந்தப் படிப்பு முடிய.

"எனக்கு நாள் குடுங்க சார். நான் கொட்ட வைக்கிறேன்."

"வர்ற சனி இல்ல, அதுக்கடுத்த சனி. அன்னைக்கு நானே வந்து மேசை மேசையாப் பாக்கிறேன்." பேனாவைத் திறந்தார். "அறிக்கையில காரணம்னு ஒண்ணு எழுதணும். ஏன் கட்டியாகுது? ஸ்டோர்லேருந்து வர்றப்பவே சாக்கு ஈரமா இருக்கா?"

ஸ்டோரிலிருந்து கேன்டீனுக்கு வர திறந்த முற்றத்தைத் தாண்ட வேண்டும். கொட்டுகிற மழையில் சாக்கின் வெளிப்புறம் நனையத்தான் செய்யும். உள்ளே தடித்த பிளாஸ்டிக் பை இருக்கிறது என்பதும், தான் ஒருநாளும் அதற்குள் கை விட்டு ஈரம் பார்த்ததில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் பேனா காத்துக்கொண்டிருந்தது.

"ஆமா சார். ஈரமாத்தான் வருது."

மறுநாள் காலையில் ஸ்டோர்க்காரரை மணல் முற்றத்து வேலைக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

அவரை ஆலையில் பூட்டண்ணன் என்பார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு எல்லாம் அவர் பொறுப்பு. மூக்கு சிந்தப் போனாலும் ஸ்டோரைப் பூட்டிவிட்டுப் போகிறவர். பூட்டிய பிறகு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். ஐம்பத்தாறு வயசு. அந்த வயசில் வார்ப்பு மணல் மூட்டையை லாரியிலிருந்து இறக்கச் சொன்னார்கள். விஷயம் கேள்விப்பட்டு அவளுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும், சாக்கு ஈரம்தானே, பொய்யொன்றும் சொல்லவில்லையே என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள். மனசும் அப்போதைக்கு ஒத்துக்கொண்டது.

வீட்டில் ஒரே அறை. மழையில் எதுவும் காயாததால் அறையின் குறுக்கே கயிறு கட்டித் துணி தொங்கியது. புருஷன் பஸ் பணிமனையில் டயர் மாட்டுகிறவன். ஈர லுங்கிக்கும் ஈரச் சேலைக்கும் நடுவில் தலையை நீட்டி, அவள் மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"உப்பைத் தட்டித் தட்டியா கை வீங்குச்சு? வெளிய சொல்லிராத. டயர் தூக்கிற எனக்கே ஒண்ணும் ஆகல, மானம் போயிரும்."

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. எனக்கு வேலை போகப்போகுது."

"சரி, சரி. அரிசியை வறுத்துப் போடு. எங்கம்மா அப்படித்தான் போடும். ஈரத்தை அரிசி குடிச்சிரும்."

"அத்தை போட்டது கை விட்டு அள்ளுற ஜாடியில. இது ஓட்டை மூடி."

"ஓட்டைக்குள்ள அரிசி எப்படி வரும்? பெரிசு பெரிசாப் பாத்துப் போடு."

பாத்துத்தான் போட்டாள். புதன்கிழமை, கேன்டீன் சமையல்காரரிடம் கெஞ்சி இரண்டு படி அரிசி வாங்கி, வறுத்து, ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு கை போட்டாள். அன்றைக்குக் கொஞ்சம் தேவலை. வியாழக்கிழமை, அரிசி அத்தனையும் மூடி ஓட்டைக்குக் கீழே வந்து அடைத்துக்கொண்டது. சிலர் மூடியைக் கழற்றிக் கொட்டினார்கள். நொறுங்கிய அரிசியைக் கடித்த கொல்லன் ஒருவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"மேசையக்கா! வெந்த சோறு தட்டுல, வேகாத சோறு பாட்டில்லயா?"

"வாயை மூடிட்டுச் சாப்பிடு."

"மூடத்தான் போறேன். பல்லு ஒண்ணு வெளிய நிக்குது, அது உள்ள போகட்டும்."

வெள்ளியும் சனியும் அரிசியைச் சலித்து எடுக்கவே போய்விட்டன. ஒரு வாரம் தீர்ந்தது. உப்பு கல்லாகவே இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் பாட்டில்களை எண்ணினாள். உடைந்தது ஒன்று போக நாற்பத்தேழு இருக்க வேண்டும். நாற்பத்தாறுதான் இருந்தது. இருக்கிற கஷ்டத்தில் திருட்டு வேறா என்று பல்லைக் கடித்துக்கொண்டு விசாரித்தாள். கையில் தையல் போட்ட உலைக்காரன்தான் மாட்டினான். வேலை செய்யும் இடத்தில், உருக்கிய இரும்பு ஊற்றும் கரண்டிகளை அடுக்கும் அலமாரியில் வைத்திருந்தான். மழைக்கு முன்னால், போன மாசமே தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். யாரும் உட்காராத மூலை மேசைப் பாட்டில் என்பதால் அவள் கவனிக்கவில்லை.

"ஓசியிலயா தூக்கின? குடு இங்க."

"அக்கா, மோர்ல போட்டுக்கிறதுக்கு எடுத்தேன். பெரிய கொள்ளைக்காரன் மாதிரி பாக்காதீங்க."

"கட்டியாக் கிடக்கும், என்னத்தைப் போட்ட?"

"கட்டியா? இதுவா?" அவன் பாட்டிலைக் கவிழ்த்தான். உப்பு அவன் கட்டுப்போட்ட கை மேல் பொலபொலவென்று கொட்டியது. வார்ப்பு மணல் மாதிரி. அவள் அதை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"எந்த உப்புடா இது?"

"உங்க உப்புதான். பாதியில ஒருதடவை தீந்துபோச்சு, சமையல்கட்டுல சாக்குலேருந்து அள்ளிப் போட்டுக்கிட்டேன். போன வெள்ளிக்கிழமை. அதுக்கும் திட்டணும்னா சேர்த்துத் திட்டிருங்க."

போன வெள்ளிக்கிழமை சமையல்கட்டில் இருந்த சாக்கு, பூட்டண்ணன் கட்டிக் கொடுத்த கடைசிச் சாக்கு. இன்றைக்கும் அதிலிருந்துதான் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் நேராகச் சமையல்கட்டுக்குப் போனாள். சாக்கின் வாய்க்கட்டை அவிழ்த்து முழங்கை வரை கையை விட்டாள். ஒரு நிமிஷம் வைத்திருந்து எடுத்தாள். கையில் ஒட்டியிருந்தது தட்டியதும் உதிர்ந்தது. ஈரமில்லை.

உலைப் பக்கம் சூடு, அதனால்கூட இருக்கலாம் என்று நினைத்தாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசையும் பட்டாள். அன்று சாயங்காலம் மூன்று பாட்டிலுக்கு மூன்று விதமாக நூல் கட்டினாள். ஒன்றை எப்போதும் போலக் கழுவி உடனே நிரப்பினாள். ஒன்றைக் கழுவாமல் துடைத்து மட்டும் நிரப்பினாள். இன்னொன்றைக் கழுவி, அணைந்த பெரிய அடுப்பின் பின் மேடையில் மூடியைக் கழற்றிப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் காலையில் வந்து நிரப்பினாள். மூன்றிலும் போட்டது அதே சாக்கு உப்புதான்; மூன்றையும் ஒரே மேசையில் வைத்தாள்.

புதன்கிழமை மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. கழுவாததும் கொட்டியது. காயவைத்ததும் கொட்டியது. எப்போதும் போலக் கழுவியது கல்லாகிவிட்டது.

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அந்த கேன்டீனில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

உப்பு பாட்டிலைத் தினமும் கழுவு என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவளுக்கு முன்னால் இருந்தவள் வருஷத்துக்கு ஒருமுறை கழுவினாலே பெரிசு. இவள் வந்த முதல் மாசம், அழுக்கேறிய பாட்டில்களை எல்லாம் பளிங்கு மாதிரி தேய்த்து வைத்தாள். அப்போதிருந்த மேனேஜர் எல்லோர் முன்னாலும் "கைன்னா இது கை" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகப் பதினோரு வருஷம் தினமும் நாலு மணிக்கு மீதி உப்பை ஒரு தொட்டியில் கொட்டி, பாட்டில்களைச் சுடுதண்ணீரில் கழுவி, கவிழ்த்து, கால் மணியில் அதே உப்பை நிரப்பி, மூடியை இறுக்கி, ஈரத்துணியால் துடைத்த மேசைமேல் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். வெயில் காலத்தில் கால் மணியில் காய்ந்துவிடும். மற்ற வருஷங்களில் மழை விட்டு விட்டுத்தான் பெய்தது. இந்த வருஷம் வெயிலே எட்டிப் பார்க்கவில்லை. பாட்டில் கழுத்தில் நின்ற ஈரத்தை அவளே உள்ளே வைத்து மூடியிருக்கிறாள். அந்த ஈரம் தொட்டிக்குப் போய், தொட்டியிலிருந்து எல்லாப் பாட்டிலுக்கும் போயிருக்கிறது.

எது தன் பெருமையோ அதுவே வினையாகியிருந்தது. மணல் முற்றத்தில் கிடந்து முதுகு ஒடிகிறவரின் முகம் கண்முன் வந்தது. சமாதானம் சொல்லப் பார்த்தாள். இந்த முறை மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனாலும் சொல்லவில்லை. முதலில் உப்பு கொட்டட்டும், வேலை நிலைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டாள். தொட்டி உப்பைப் பாத்திரம் தேய்க்கிற இடத்துக்குத் தள்ளிவிட்டாள். அன்றே எல்லாப் பாட்டிலையும் அடுப்பு மேடையில் காயவைத்து, காலையில் பாதி அளவு மட்டும் நிரப்பினாள். மேசையை ஈரத்துணிக்குப் பின்னால் உலர்ந்த துணியாலும் துடைத்தாள். கழுவுவது இனி வாரத்துக்கு ஒருநாள்தான் என்று வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை உப்பு கொட்டியது. கேன்டீனில் கைதட்டினார்கள். தட்டு முழுக்கக் கொட்டிவிட்டு முழித்தான் ஒருவன். இத்தனை நாள் பழக்கத்தில் ஓங்கிக் குலுக்கிவிட்டான். அன்று மூன்று மணிக்கு முற்றத்தைத் தாண்டும்போது பூட்டண்ணன் லாரி ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் தண்ணி குடுக்கிறியா?"

கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாந்து முழுசும் குடித்தார்.

"என் ஸ்டோர்ல ஈரமாம். எந்தப் புண்ணியவான் சொன்னானோ. வாய் நல்லா இருக்கட்டும்." குவளையைத் திருப்பிக் கொடுத்தார். "உப்பு இப்ப கொட்டுதாமே? சந்தோஷம்."

"ஆமாண்ணே," என்றாள். குவளையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

சனிக்கிழமை மேனேஜர் சொன்னபடி வந்தார். மேசை மேசையாகப் போனார். பாட்டிலை எடுத்து உள்ளங்கையில் குலுக்கினார், ஊதினார், அடுத்ததை எடுத்தார். நாற்பத்தேழும் கொட்டியது. உலைக்காரன் பின்னாலிருந்து, "சார், கையில இருக்கிறதை வீணாக்காதீங்க, இங்க கொட்டுங்க," என்று தட்டை நீட்டினான். மேனேஜரே சிரித்துவிட்டார்.

"பொட்டலம் வேண்டாம்னு எழுதிர்றேன்," என்றார். "ஸ்டோர்ல ஆளை மாத்தினது நல்லதாப் போச்சு. புது ஆள் கவனமாப் பாத்துக்கிறான்போல. இதையும் சேர்த்து எழுதிருவோம்."

சும்மா நின்றால் போதும். தலையை ஆட்டக்கூட வேண்டியதில்லை. அவர் எழுதிக்கொண்டு போய்விடுவார், அவள் வேலை பத்திரம், மகள் படிப்பு பத்திரம். உண்மை தெரிந்தவர்கள் உலகத்திலேயே யாருமில்லை, அவளைத் தவிர.

"சார், அது பூட்டண்ணன் கட்டின சாக்கு."

"எது?"

"இந்த உப்பு. புது ஆள் இன்னும் ஒரு சாக்குகூட அனுப்பல. ஈரம் சாக்குல இல்ல. என் கையில இருந்துச்சு." பக்கத்து மேசைப் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நான் தினம் கழுவி, காயாம நிரப்பினேன். நான் சாக்குக்குள்ள கை விட்டுப் பாக்காமலே ஈரம்னு சொல்லிட்டேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை நின்றது. மேனேஜர் பேனாவை மூடினார், திரும்பத் திறந்தார்.

"இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். உங்க பேர்ல ஒரு குறிப்பு ஏறும்."

"ஏறட்டும் சார். என் வேலை?"

"நாற்பத்தேழு பாட்டிலும் கொட்டுதே. அதை நான் கண்ணால பாத்தேன்ல." காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "அவர் திங்கட்கிழமையிலேருந்து ஸ்டோருக்குப் போகட்டும்."

கையெழுத்துப் போட்ட கையோடு மணல் முற்றத்துக்குப் போனாள். பூட்டண்ணன் அன்றைய கடைசி மூட்டையை இறக்கிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். திங்கட்கிழமை ஸ்டோருக்குத் திரும்பலாம் என்பதை முதலில் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி அடங்குவதற்குள் மீதியையும் சொல்லிவிட்டாள்.

"நீயா?"

"நான்தாண்ணே."

அவர் இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். பிறகு விரலை மடக்கினார். "பதினோரு நாள் தூக்கியிருக்கேன். உனக்கு இது என்னைக்குத் தெரிஞ்சுது?"

இன்னைக்குத்தான் என்று சொல்லலாம். அவர் நம்புவார்.

"புதன்கிழமை மத்தியானம்."

"அப்ப வியாழக்கிழமை எனக்குத் தண்ணி குடுத்தப்ப?"

"தெரியும்ணே."

அவர் தலையை ஆட்டினார். கோபமாகக் கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"முதல் எட்டு நாளை விட்டுடறேன். தெரியாமச் சொன்ன, மழையும் சேர்ந்துக்கிச்சு. இந்த மூணு நாள் வேற. அதை என்னால விட முடியல, தங்கச்சி. பொய் எதுக்கு, முடியல."

"விட வேண்டாம்ணே."

திங்கட்கிழமை நாலு மணிக்கு, அவர் ஸ்டோர்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கூப்பிட்டார். மழை நிற்கிற மாதிரி இல்லை, உப்புச் சாக்குகளைத் தரையிலிருந்து பலகைக்கு ஏற்ற வேண்டும், ஒரு பக்கம் பிடி என்றார். பிடித்தாள். பதினாறு சாக்கு. ஆறாவது சாக்கில் அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்து, "உப்புன்னா பாட்டில்ல மட்டும்தான் இருக்கும்னு நினைச்சியா?" என்றார். அவள் சிரித்தாள். அவரும் லேசாகச் சிரித்த மாதிரிதான் இருந்தது. முற்றம் தாண்டும்போது சாக்கு நனையாமலிருக்கப் போர்த்திக்கொண்டு போக ஒரு தார்ப்பாய் எடுத்துக் கொடுத்தார்.

பூட்டைப் போட்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இன்னைக்குத் தூக்கினது அந்த மூணு நாள்ல சேராது, தெரியுமில்ல?"

"தெரியும்ணே. நாளைக்கும் வர்றேன்."

"வா. நாளைக்கு அரிசி மூட்டை."

அவர் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். வியாழன், வெள்ளி, சனி. தெரிந்தே அவரைச் சுமக்கவிட்ட அந்த மூன்று நாளை அவள் அவருக்கு இன்னும் தர வேண்டியிருந்தது.